சீட்டைக் கலைத்தவர் யார்?

'விதி' என்னும் இரண்டெழுத்தைப் போல விலை மலிவான சரக்கு இந்நாட்டுச் சந்தையில் வேறொன்றும் இல்லை. மழை பொய்த்தால் விதி. தறி நின்றால் விதி. படித்த பிள்ளைக்கு வேலை கிட்டாவிட்டால் விதி. பத்து வயதுப் பெண் பள்ளியை விட்டு நின்றால் அதுவும் விதி! சொல்பவருக்குச் சிந்திக்கும் தொல்லை இல்லை. கேட்பவருக்குப் பதில் கூறும் பொறுப்பு இல்லை. தலையிலே எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. எழுதியவர் யார், எப்போது எழுதினார், எந்த மொழியிலே எழுதினார் என்று கேட்டால் மட்டும் ஏனோ முகம் சுளிக்கிறார்கள்.

இந்தப் பழைய கேள்வியை இன்று நாம் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. விளையாட்டுக் களத்திலிருந்து எடுக்கிறோம். வியக்க வேண்டாம், காரணம் உண்டு.

திருத்தணி மலையை அடுத்திருக்கிறது கே.ஜி.கண்டிகை. ஆந்திர எல்லை தொலைவில் இல்லை. தமிழும் தெலுங்கும் தோளோடு தோள் உரசி நடக்கும் வட்டாரம். ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிகள் மலை நோக்கிச் செல்லும். ஆண்டின் நாட்களுக்கு ஈடாக 365 படிகள் என்று பெருமை பேசி ஏறுவர். ஏறுகிறவர் பலரின் நெஞ்சில், எழுதிய எழுத்தை மாற்றித் தா என்ற வேண்டுகோள் இருக்கும். அதே கண்டிகையின் இளைஞன் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. அவன் நண்பன் வீட்டிலே கணிப்பொறி இருக்கலாம். அவற்றுக்குள்ளே புதுவகை வீடியோ கேம் ஒன்று புகுந்திருக்கிறது. பந்தடிப்பதும் பகைவனைச் சுடுவதும் இதன் வேலையன்று. திரைப்படம் போலவே ஓடும், அழ வைக்கும், அஞ்ச வைக்கும், திடீரென நின்று, "இப்போது நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று பார்ப்பவனையே கேட்கும். அவன் தருகிற விடைக்கேற்பக் கதை திரும்பும். கதையாட்டம் என்று நாம் இதற்குப் பெயரிடுவோம்.

பொழுதைக் கொல்லும் பொம்மலாட்டம் என்று இதைத் தள்ளிவிடுவாரும் உளர். நாடகக் கொட்டகையை அப்படித்தான் ஒரு காலத்தில் தள்ளினர். திரையரங்கையும் அப்படித்தான் பழித்தனர். மக்கள் மனம் தோயும் இடம் எதுவாயினும், அங்கே மக்களுக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்று பார்ப்பது நம் கடமை.

கதையாட்டம் எழுப்பும் கேள்வி சிறிதன்று. இதிலே வரும் பாதைகள் யாவும் முன்னரே எழுதப்பட்டவை. ஒருவன் இடப்பக்கம் திரும்பினால் என்ன நேரும், வலப்பக்கம் திரும்பினால் என்ன நேரும் என்பதை ஆசிரியன் முன்னமே எழுதி, நடிகர்களை வைத்து நடிக்கச் செய்து, உள்ளே அடைத்து வைத்திருக்கிறான். அப்படியானால் ஆடுகிறவன் தேர்ந்தெடுக்கிறான் என்பது மெய்தானா? எழுதி முடித்த கதைக்குள் நின்று ஒருவன் செய்யும் நன்மைக்கும் தீமைக்கும் அவன் பொறுப்பாளி ஆவானா?

இதே கேள்விக்கு, இதே திருத்தணி மண்ணில் 1888-இல் பிறந்த ஒருவர் விடை கூறியிருக்கிறார். அவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்; உலகம் மதித்த தத்துவப் பேராசிரியர்; 1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசுத் தலைவர். 'தி இந்து வியூ ஆஃப் லைஃப்' என்ற பெயரில் 1927-இல் வெளிவந்த நூலிலே, கர்மக் கொள்கைக்கு வக்காலத்து வாங்கும்போது, அவரும் ஒரு விளையாட்டைத்தான் உவமையாக எடுத்தார். வாழ்வு சீட்டாட்டம் போன்றது என்றார். கையிலே வந்த சீட்டுகளை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அவை முன்வினையின் பயன். ஆயினும் எந்தச் சீட்டை எப்போது இறக்குவது என்பது நம் விருப்பம். அதிலேதான் வெற்றியும் தோல்வியும். அங்கேதான் மனிதனின் உரிமை. இது அவர் வாதத்தின் சாரம்.

அழகான உவமை. அதை நாம் எள்ளி நகையாடவில்லை. தலைவிதி என்று சொல்லிக் கைகட்டிக் கிடப்பவனை நோக்கி, "உன் கையில் சீட்டு இருக்கிறது, ஆடு" என்று கூறும் துணிவு அதிலே இருக்கிறது. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். முன்னதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு பின்னதை மறந்தவர்களை விட, சீட்டாடச் சொன்ன பேராசிரியர் எவ்வளவோ மேல்.

ஆனால் பாதி கேள்விதான் கேட்கப்பட்டது. மீதிப் பாதியை நாம் கேட்கிறோம்: சீட்டைக் கலைத்தவர் யார்? ஒருவன் கைக்கு நான்கு ஏசும், மற்றொருவன் கைக்கு இரண்டும் மூன்றுமே தலைமுறை தலைமுறையாக வருகிறதென்றால், அந்த ஆட்டத்திலே முன்வினையைத் தேடுவோமா, கலைத்தவன் விரலைக் கவனிப்போமா? சாவடியிலே சீட்டாடுகிறவனுக்கும் தெரிந்த நியாயம் இது. அங்கே கலைப்பவன் ஏமாற்றினால் கையைப் பிடிக்கிறான். வாழ்விலே ஏமாற்றினால் மட்டும் கும்பிட வேண்டும் என்று கற்பிக்கப்படுகிறான்!

கதையாட்டத்தின் சிறப்பே இங்கேதான் விளங்குகிறது. இதிலே கலைத்தவர் மறைவதில்லை. ஆட்டம் முடிந்ததும் எழுதியவர், இயக்கியவர், இசையமைத்தவர், நிரல் எழுதியவர் எனப் பெயர்ப் பட்டியல் திரையில் ஓடுகிறது. இந்த உலகத்தை மனிதர் செய்தனர், இந்தப் பாதைகளை மனிதர் வகுத்தனர் என்பதற்குக் கையொப்பம் இருக்கிறது. ஊரின் சேரியை ஊருக்கு வெளியே வைத்தவன் அப்படிக் கையொப்பம் இட்டிருக்கிறானா? இல்லை. ஆண்டவன் பெயரைப் போட்டுவிட்டு அவன் அகன்றுவிட்டான்.

கலைப்பவன் கைத்திறத்துக்கு ஒரு சான்று காண்போம். 1967-இல் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே செக்கோஸ்லோவாகிய நாட்டு அரங்கில் 'கினோஆட்டோமாட்' என்ற புதுமை காட்டப்பட்டது. ராடூஸ் சின்செரா என்பவர் படைத்தது; பார்ப்பவர் போக்கில் கதை திரும்பும் படங்களுக்கு முன்னோடி. ஒவ்வோர் இருக்கையிலும் பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று. படம் நடுவிலே நிற்கும். மேடையில் ஒருவர் தோன்றிக் கேள்வி கேட்பார். துவாலை மட்டும் சுற்றிய நிலையில், கதவு பூட்டிக்கொண்டதால் வெளியே மாட்டிக்கொண்ட அண்டை வீட்டுப் பெண்ணை, மனைவி வரும் நேரத்தில் நாயகன் உள்ளே விடலாமா, கூடாதா? மக்கள் பொத்தானை அழுத்துவர். பெரும்பான்மை விரும்பியவாறு படம் மேலே ஓடும்.

என்னே மக்களாட்சி என்று மகிழத் தோன்றும். பொறுங்கள்! அந்தப் படம் ஒரு வீடு தீப்பற்றி எரிவதிலே தொடங்குகிறது; அந்தத் தீயிலேயே முடிகிறது. பச்சையை அழுத்தினாலும் தீ. சிவப்பை அழுத்தினாலும் தீ! இரண்டு பாதைகளும் சிறிது தூரம் பிரிந்து ஓடி, அடுத்த கேள்விக்கு முன்பாகவே மீண்டும் ஒன்றாகிவிடும்படி அமைத்திருந்தார்கள். கேலிக்காகவே அப்படிச் செய்தார்கள் என்று கொள்வோரும் உண்டு. கேலியோ இல்லையோ, பாடம் தெளிவு. பொத்தான் கொடுக்கப்பட்டதனாலேயே உரிமை கொடுக்கப்பட்டதாக ஆகிவிடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்கிறவன், இரண்டும் எங்கே போய் முடிகின்றன என்பதைச் சொல்கிறானா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு நேர்மாறாக, முடிவுகள் பல கொண்ட ஆட்டம் ஒன்றையும் காண்போம். பிரெஞ்சு நாட்டு நிறுவனமாகிய குவாண்டிக் டிரீம் 2018-இல் வெளியிட்ட 'டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்' அது. 2038-ஆம் ஆண்டில் நடப்பதாகக் கற்பனை. மனித உருவில் செய்யப்பட்ட இயந்திரங்கள் வீட்டு வேலை செய்கின்றன. பேருந்திலே அவற்றுக்குத் தனியிடம், பின்புறத்தில். காரா என்னும் பணிப்பெண் இயந்திரம் இருக்கும் வீட்டிலே, டாட் என்ற குடிவெறியன் ஆலிஸ் என்ற சிறுமியை அடிக்க எழுகிறான். "அசையாதே, அங்கேயே நில்" என்று காராவுக்குக் கட்டளையிடுகிறான். அந்தக் கட்டளை திரையிலே ஒரு சிவப்புச் சுவராக எழுந்து நிற்கிறது. ஆடுகிறவன் அதை மோதி உடைத்தாலன்றிக் காரா நகர முடியாது.

உடைக்காமலும் இருக்கலாம். கட்டளைப்படி நிற்கலாம். கீழ்ப்படிதல் நல்ல பணியாளுக்கு அழகு என்று நிற்கலாம். நின்றால், சிறுமி செத்துப் போகிறாள்.

இப்போது கேட்போம்: யார் கொன்றது? டாட்தான் அடித்தான், உண்மை. ஆசிரியன்தான் அந்தச் சாவை எழுதினான், அதுவும் உண்மை. ஆனால் நின்றவன் நெஞ்சு என்ன சொல்கிறது? நான் ஒன்றும் செய்யவில்லையே என்று அது தப்ப முயல்கிறது, தப்ப முடிவதில்லை. ஒன்றும் செய்யாமையும் ஒரு செயலே என்று அந்த நேரத்தில் அவனுக்கு விளங்குகிறது. புயலடித்ததற்காக எவனும் வெட்கப்படுவதில்லை. வெயில் காய்ந்ததற்காக எவனும் குற்ற உணர்வு கொள்வதில்லை. தன்னால் வேறுவிதமாகச் செய்திருக்க முடியும் என்ற இடத்தில்தான் வெட்கம் பிறக்கிறது. ஆகவே வெட்கமே சான்று: அங்கே விதி இல்லை, தேர்வு இருந்தது.

நம் ஊர்த் திரௌபதை அம்மன் விழாக்களிலே பாரதம் படிக்கிறார்கள். இரவெல்லாம் தெருக்கூத்து நடக்கிறது. அங்கேயும் ஓர் ஆட்டம் உண்டு, சூதாட்டம்! தருமன் என்று பெயர் பெற்றவன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், கட்டிய மனைவியை வைத்தான். அவளை அவைக்கு இழுத்து வந்தபோது, தன்னைத் தோற்று அடிமையாகிவிட்டவனுக்கு என்னை வைக்க ஏது உரிமை என்று அவள் கேட்டாள். வில்லெடுத்தவர் இருந்தனர், வேதம் படித்தவர் இருந்தனர், நரைத்த தலையினர் நிறைய இருந்தனர். நேர்விடை கூறி அவளை மீட்டவர் எவர்? துரியோதனனின் தம்பியரில் ஒருவனாகிய விகர்ணன் மட்டும் எழுந்து இது அநீதி என்றான். அவனையும் அடக்கி உட்கார வைத்தார்கள். மற்றப் பெரியவர்கள் சிவப்புச் சுவருக்கு இப்பால் அசையாமல் நின்றவர்களே! சுவரிலே 'அசையாதே' என்று எழுதியிருக்கவில்லை. 'தருமம்' என்று எழுதியிருந்தது, அவ்வளவே வேறுபாடு. இன்றும் கூத்து முடிந்து வீடு திரும்புகிறவன், எல்லாம் விதி என்று பெருமூச்சு விடுகிறான். விதியன்று, தோழனே! பகடை உருட்டியவன் ஒருவன், பார்த்திருந்தவர் பலர்.

இன்றைய பகடை இணையத்திலே உருள்கிறது. பணம் வைத்தாடும் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் சட்டம் இயற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பிய பின் 2023-இல் மறுபடியும் நிறைவேற்ற வேண்டியிருந்தது. அதையும் கதையாட்டத்தையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது அறியாமை. ஒன்று ஆடுகிறவன் பையைக் காலியாக்குகிறது. மற்றொன்று அவன் மனச்சான்றை உசுப்புகிறது.

உசுப்புகிறது என்றோம், வளர்க்கிறது என்று சொல்லவில்லை. கதையாட்டத்திலே மூன்று குறைகள் உண்டு.

முதற்குறை: அங்கே பின்னோக்கிப் போகலாம். சிறுமி இறந்துவிட்டாளா? கவலை இல்லை, பழைய இடத்துக்குத் திரும்பி மறுபடியும் ஆடினால் உயிர் பெறுவாள். வாழ்விலே அந்த வசதி இல்லை. ஊர்க்கூட்டத்திலே பேச வேண்டிய நாளில் வாய் மூடியிருந்தால், அந்த நாள் திரும்பி வராது.

இரண்டாங்குறை: டெட்ராய்ட் ஆட்டத்திலே ஒவ்வொரு பகுதி முடிந்ததும், சென்ற பாதை, செல்லாத பாதை எல்லாவற்றையும் ஒரு மரம் போல் வரைந்து காட்டுகிறார்கள். செல்லாத பாதை இருந்தது என்று காட்டுவது நல்ல பாடமே. ஆனால் உலகெங்கும் ஆடியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் எந்தப் பாதையில் போனார்கள் என்ற கணக்கும் அதோடு வருகிறது. பெரும்பாலோர் செய்ததே சரி என்ற மயக்கம் அங்கே நுழைகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தீண்டாமையைப் பின்பற்றிய காலத்திலும் தீண்டாமை தீமையே. கூட்டம் எண்ணிக்கையைக் காட்டும், நியாயத்தைக் காட்டாது.

மூன்றாங்குறை பெரிது: கண்ணீர் திரையோடு நின்றுவிடுகிறது. இயந்திரப் பணிப்பெண்ணின் அடிமைத்தனத்தைக் கண்டு உருகுகிறோம். உருகட்டும். ஆனால் கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்த பிறகும், கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்கிச் சாகிறார்களே! அவர்களுக்குத் தலைமுறைதோறும் அந்த வேலையை ஒதுக்கிய சாதிக் கட்டளை எந்தச் சிவப்புச் சுவருக்குக் குறைந்தது? பொம்மைக்காக அழுத கண் மனிதனுக்காக வறண்டிருந்தால், அந்த அழுகை நடிப்பிலே சேருமேயன்றி நல்லறத்தில் சேராது.

இனித் தமிழர் ஆக்கிய ஆட்டம் ஒன்று. கனடா நாட்டு டொரான்டோ நகரின் விசை கேம்ஸ் என்னும் குழுவினர் 2023-இல் 'வெண்பா' என்ற கதையாட்டத்தை வெளியிட்டனர். 2024-இல் முதற்படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றனர். 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற தாய், அவள் கணவன், தமிழை விட்டு விலகிச் செல்லும் மகன், இவர்களைச் சுற்றிய கதை. இங்கே வாளில்லை, வேட்டில்லை. அடுப்பும் பாத்திரமுமே கருவிகள். தாய்வீட்டுச் சமையற்குறிப்பு நூல் ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் பல வரிகள் அழிந்து போயின. இட்லித் தட்டுகளை எந்த முறையில் அடுக்குவது, புட்டுக் குழலிலே எதை முதலில் இடுவது என்பதை ஆடுகிறவனே எண்ணிப் பார்த்து, செய்து பார்த்து, தவறினால் திருத்திக் கண்டுபிடிக்க வேண்டும்.

மரபு என்பதைப் பற்றி இதனினும் எளிய விளக்கம் நாம் கண்டதில்லை. முன்னோர் தந்தது தலையெழுத்தன்று. பாதி அழிந்த சமையற்குறிப்பு! அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கற்பூரம் ஏற்றிக் கும்பிடவும் வேண்டியதில்லை. அடுப்பிலே வைத்துப் பார், வெந்தால் உண், வேகாவிட்டால் முறையை மாற்று. பகுத்தறிவு என்பதும் வேறென்ன?

ஆயினும் எந்தக் கதையாட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆசிரியன் எழுதாத பாதையில் ஆடுகிறவன் ஓரடியும் வைக்க முடியாது. பொத்தான் இரண்டு என்றால் இரண்டுதான். மூன்றாவதை அவன் செய்துகொள்ள முடியாது. மனித வாழ்வு இங்கேதான் விளையாட்டினின்றும் வேறுபடுகிறது.

1955 டிசம்பர் 1. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்திலே, வெள்ளையருக்கு இடம்விட எழுந்திரு என்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பின மாதரசிக்குக் கட்டளை. எழுந்திரு, அல்லது சிறைக்கு நட. சட்டம் வைத்த பொத்தான்கள் இவ்விரண்டே. அவர் எழவில்லை, கைதானார். ஆனால் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் மூன்றாவது பொத்தானைச் செய்தனர்: பேருந்திலேயே ஏறுவதில்லை! 381 நாட்கள் நடந்தனர், வண்டிகளைப் பகிர்ந்துகொண்டனர். நீதிமன்றமும் இறங்கி வந்தது. பேருந்துப் பிரிவினை ஒழிந்தது. அந்தப் பாதை எவராலும் முன்கூட்டி எழுதப்படவில்லை. நடந்த கால்கள் எழுதின.

அவ்வளவு தொலைவு போக வேண்டாம், கண்டிகைக்கே திரும்புவோம். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, திருத்தணியும் அதைச் சூழ்ந்த ஊர்களும் சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போயின. வரைபடத்தில் கோடு விழுந்துவிட்டது. எழுதியது எழுதியதுதான் என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மங்கலங்கிழார் போன்றோர் ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினர், ம.பொ.சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகமும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினர். பலர் சிறை புகுந்தனர். படாஸ்கர் நடுவராக அமர்ந்து ஆராய்ந்தார். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. தெலுங்கர் மிகுந்த ஊர்கள் சில இங்கிருந்து ஆந்திரத்துக்குச் சென்றன. கேட்டதெல்லாம் கிட்டவில்லை, எவருக்கும் முழு வெற்றி இல்லை. ஆயினும் மேலிருந்து எழுதிய கோடு கீழிருந்து திருத்தப்பட்டது! அந்தக் கோட்டைக் கும்பிட்டிருந்தால் அது நகர்ந்திராது; அதற்காக நாளும் கோளும் பார்த்திருந்தாலும் நகர்ந்திராது. மனிதர் எழுதியது என்று அறிந்ததால், மனிதர் மாற்றலாம் என்று துணிந்தனர்.

பேராசிரியரின் உவமைக்கு அவர் பிறந்த ஊரே எழுதிய திருத்தம் இது. கையிலே வந்த சீட்டைத் திறமையாக ஆடு என்றார் அவர். அது ஒருவனுக்குச் சொன்ன அறம். சீட்டு மறுபடியும் கலைக்கப்பட வேண்டும் என்று சேர்ந்து கேட்டார்கள் ஊரார். அது பலர் கூடிச் செய்த அறம். முன்னது இல்லாமல் பின்னது இல்லை. தன் சீட்டையே ஆடத் துணியாதவன் கலைப்பவன் கையைப் பிடிக்க மாட்டான். முன்னதோடு நின்றாலோ, ஒவ்வொருவனும் தன் தோல்விக்குத் தன்னையே நொந்துகொண்டு சாவான். கலைத்தவன் சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றுக்குச் சீட்டை எடுப்பான்.

ஆகவே, இளந்தோழர்களே! கதையாட்டத்தை ஆடாதீர் என்று நாம் கூறவில்லை. ஆடுங்கள், ஆனால் மூன்று கேள்விகளோடு ஆடுங்கள். இந்தப் பாதைகளை வகுத்தவர் யார்? கட்டளையின் முன்னே நான் நின்றேனா, அசைந்தேனா? இங்கே வைக்கப்படாத வழி எது? முதற்கேள்வி அறிவைத் தரும். இரண்டாவது மனச்சான்றைத் தரும். மூன்றாவதற்கு எந்த ஆட்டத்திலும் பொத்தான் இல்லை. அதற்கு விடை தேட, திரையை அணைத்துவிட்டுத் தெருவுக்கு வர வேண்டும்.

தெருவிலே, பள்ளியை விட்டு நின்ற அந்தப் பத்து வயதுப் பெண் இருக்கிறாள். அவள் வீட்டிலே விதி என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவள் கைச்சீட்டைக் கலைத்தவர் யார் என்று கேட்டு, அவளை மீண்டும் பள்ளி வாசலில் கொண்டுபோய் விடுகிற வரையில், நாம் ஆடி முடித்ததாகச் சொல்லிக்கொள்ள எந்த ஆட்டமும் இல்லை.